செவ்வாய், வியாழன் மழைக்காலம்

பல்செட்டுக்காரருக்கு அந்த அழைப்பு வந்தபோது அவர் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையைக் கையில் பிடித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் கிடந்த செல்பேசி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. எடுத்துப் பார்த்தார். "தங்களைச் சந்திக்க மிகவும் ஆவலாக இருக்கிறோம். நாளைக் காலை வரவும். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் வந்துவிடுகிறோம்" என்றிருந்தது. கீழே மக்கள் இணைய நலத் துறை என்று போட்டிருந்தது. பல்செட்டுக்காரர் தாடையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

இந்தத் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குடிமக்கள் செல்பேசியில் எதைத் தேடுகிறார்கள், யாருக்கு என்ன எழுதுகிறார்கள், எழுதிவிட்டு அனுப்பாமல் எதை அழிக்கிறார்கள் என்பதையெல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதுதான் இதன் வேலை. ஆனால் கண்காணிப்பு என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே அதற்குப் பெயர் அக்கறை. அடிமட்டத்தில் இருப்பவர் அக்கறை உதவியாளர், அவருக்கு மேலே முதுநிலை அக்கறை அலுவலர், எல்லோருக்கும் உச்சியில் தலைமை அக்கறையாளர். தெருமுனைகளில் எல்லாம் "உங்களை நினைத்துக்கொண்டிருக்க ஒருவர் இருக்கிறார்" என்று பலகை வைத்திருந்தார்கள். தனியாக வாழ்கிறவர்களில் சிலர் ஆரம்பத்தில் இதைப் படித்துவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

பல்செட்டுக்காரர் சந்தோஷப்படுகிற ரகமும் இல்லை, எதிர்க்கிற ரகமும் இல்லை. பொய்ப்பல் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு சின்ன அறை, அரைக்கிற மோட்டார், மெழுகு உருக்க ஓர் அடுப்பு, சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் ஊரில் பாதிப் பேருடைய வாய், வெள்ளை மாவு அச்சாக உட்கார்ந்திருக்கும். எந்த அச்சிலும் பெயர் எழுத மாட்டார். பெயர் எழுதினால் என்றைக்காவது எவனாவது படிப்பான். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைப்பார். எந்த நூல் யாருடைய வாய் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது. கல்யாணமாகிப் பல வருடமான பெண்கள், புருஷனுக்கே தெரியாமல் பல் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பச்சை நூலில் இரட்டை முடிச்சுப் போட்ட ஓர் அச்சு மேல்தட்டில் இருந்தது. அதன் சொந்தக்காரர் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தவர். தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை தோன்றி, நாட்டுக்குப் புன்னகை செய்கிறவர். அந்தப் புன்னகையில் மேல்வரிசை முழுக்கப் பல்செட்டுக்காரருடைய கைவேலை. அதைப் பற்றி அவர் எவரிடமும் மூச்சு விட்டதில்லை.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க. இதை விட்டா இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது. தம்பி வேலையைப் பத்திப் பேசிட்டு வாங்க. யாரு போட்டுக் கொடுத்தாங்கன்னும் கேளுங்க."

"நான் கேட்டா சொல்லிடுவாங்களா?"

"எனக்கு யாருன்னு தெரியும். ஆனா அது அவங்க வாயால வரணும்."

தம்பி என்றால் அவளுடைய தம்பி, பல்செட்டுக்காரருக்கு மச்சான். தாய் இல்லாத பையனை அக்காதான் வளர்த்து ஆளாக்கினாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே பேசிக் காட்டுகிற வியாதி. சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கரண்டியை ஒலிபெருக்கியாகப் பிடித்துக்கொண்டு, தலைமை அக்கறையாளரைப் போல நெஞ்சை நிமிர்த்தி, "குடிமக்களே, தாராளமாகத் தும்முங்கள், கைக்குட்டையோடு நாங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறோம்" என்று பேசிக் காட்டினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அவனை அழைத்து, கற்பனை வளம் மிகுந்தவர் என்பதால் பூகோளத்துக்குப் பொருத்தமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு எந்தப் பள்ளிக்கூடமும் அவனை வாசலோடு சரி, உள்ளே விடவில்லை. இப்போது முன்னறையில் உலகப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். யாரைப் போலவும் பேசிக் காட்டுவதில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இருந்தது நாலே பேர். புருஷன், பெண்டாட்டி, மச்சான், எதிர்வீட்டு நர்ஸ். வீட்டு ஆட்களைக் கழித்துவிட்டால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பல வருடப் பழக்கம், ஒருத்தர் வீட்டு உப்பை ஒருத்தர் வாங்கிப் போட்ட உறவு, எல்லாம் மச்சானுக்கு வேலை போன அன்றோடு முறிந்தது. நர்ஸ் வீட்டைப் பார்த்திருந்த ஜன்னலை இனித் திறக்கவே கூடாது என்றாள் மனைவி. பல்செட்டுக்காரர்தான் ஏறி நின்று ஆணி அடித்தார். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வோர் ஆணிக்கும், "கூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று அவரும் சேர்த்து நாலு வார்த்தை திட்டினார்.

அழைப்பு வந்த அன்று மாலை மனத்தாங்கலை அவர் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னார். குனிந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு முதுகுவலி கூடவே பிறந்தது மாதிரி. அதற்காகவே இணையத்தில் முதுகுவலி நண்பர்கள் என்று ஒரு குழு உண்டு. அங்கே கிடைத்த சிநேகம் மழைக்காலம். சொந்தப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் தினமும் சாயங்காலம் "சாப்டாச்சா?" என்று கேட்டு ஒரு வரி வந்துவிடும். வீட்டில் எல்லோரும் அவரிடம் ஏதாவது சொல்வார்கள். அவரை ஏதாவது கேட்பது மழைக்காலம் மட்டும்தான்.

"நாளைக்கு அந்தத் துறையில கூப்பிட்டிருக்காங்க. பயமா இருக்கு" என்று எழுதினார்.

"ஒண்ணும் ஆகாது. எல்லாம் நல்லதுக்குத்தான். நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்று பதில் வந்தது. பல்செட்டுக்காரருக்கு உயிர் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வெளியே வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துறையின் வாசலில் காவலர் ஒரு தட்டை நீட்டினார்.

"செல்பேசியை இதுல வைங்க. அது உள்ள போகும். நீங்க யாரு, உடன் வந்தவரா?"

"என்னைத்தாங்க கூப்பிட்டிருக்காங்க."

"அழைப்பு எதுக்கு வந்துச்சு? உங்களுக்கா, செல்பேசிக்கா?"

"செல்பேசிக்குத்தான்."

"அப்புறம் என்ன? அதுகூட நீங்க வந்திருக்கீங்க. பின்னாடி நில்லுங்க."

காத்திருப்பு அறையில் மெத்தை போட்ட நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு செல்பேசி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்களைப் போலப் பின்னால் நின்றார்கள். கால் கடுத்த ஒரு பெரியவர் காலி நாற்காலியில் உட்காரப் போனார். பணியாளர் ஓடிவந்து அவரை எழுப்பி, "இது தொலைஞ்சு போன செல்பேசிகளுக்குங்க. எப்ப வேணா கிடைச்சிடும்" என்று விளக்கினார்.

அறைக்கு அறை ஒரு கதவு. கதவுக்குக் கதவு ஒரு திரை. திரையில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் ஓடி, கடைசியில் சம்மதம் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பொத்தானும், சம்மதமில்லை என்று மிளகு அளவில் இன்னொன்றும் வரும். பல்செட்டுக்காரர் தயங்கி நின்றதைப் பார்த்து அங்கிருந்த பணியாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"தாராளமா மறுக்கலாம் சார். கட்டாயம்னு ஒண்ணுமே கிடையாது. மறுத்தா இந்த வராந்தாவைச் சுத்திட்டு மறுபடி இதே கதவுக்கு வரணும், அவ்வளவுதான்."

அப்போது வராந்தா வழியாகத் தாடி வைத்த ஒருவர் தேய்ந்த செருப்போடு நடந்து வந்து, திரையை வெறித்துப் பார்த்து, மிளகு அளவுப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி நடந்து போனார். வந்தபோது அவருக்குத் தாடி இல்லை என்றார் பணியாளர். பல்செட்டுக்காரர் சட்டென்று சம்மதத்தை அழுத்தினார். தண்ணீர்க் குழாயிலும் அதே திரை இருந்தது. தாகமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் அறையில் அக்கறை உதவியாளர் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த இளைஞர். செல்பேசியை வணங்கி வரவேற்றுவிட்டு, பின்னால் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா சார் அது!"

"எது தம்பி?"

"உங்களை நாலு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். காலைல முதுகுவலின்னு தேடுவீங்க. மத்தியானம் முதுகுவலிக்கு ஏத்த தலையணை. சாயங்காலம் தலையணையால வர்ற முதுகுவலி. என்ன சார் வாழ்க்கை இது? பக்கத்து மேஜைக்காரருக்குக் கிடைச்ச ஆளு ரெண்டு பொண்ணுங்களுக்கு ஒரே கவிதையை அனுப்புறான். அவர் சிரிச்சுக்கிட்டே வேலை பாக்கிறாரு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

"மன்னிச்சிடுங்க தம்பி" என்றார் பல்செட்டுக்காரர்.

"அந்தப் பாலம் கட்டுற வீடியோவைப் பாதியிலேயே விட்டுட்டீங்க. மிச்சத்துல ஏதாவது இருந்தா யாரு பொறுப்பு? நான்தான் உக்காந்து முழுசாப் பாத்தேன். அப்புறம், மனைவி பிறந்தநாளை மறந்தால் என்ன செய்வதுன்னு வருஷா வருஷம் தேடுறீங்க. எப்பவும் மறுநாள்தான் தேடுறீங்க. அடுத்த தடவை முதல் நாளே தேடுங்க சார். அக்கறையில சொல்றேன்."

இதையெல்லாம் கேட்கக் கேட்கப் பல்செட்டுக்காரருக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. ஆனாலும் உள்ளூர ஒரு நிம்மதி. இவ்வளவு சப்பென்று வாழ்ந்தவனை என்ன செய்துவிடப் போகிறார்கள்? மச்சான் விஷயத்தைப் பேச இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினார். அதற்குள் அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த அறையில் முதுநிலை அக்கறை அலுவலர் இருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. பல்செட்டுக்காரரைக் கண்டதும் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, நேரான முதுகுள்ள மரநாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். ஒரு துண்டைச் சுருட்டி, நாற்காலியில் இடுப்பு படுகிற இடத்தில் சரியாக வைத்தார்.

"உக்காருங்க. முதுகு இப்ப எப்படி இருக்கு?"

பல்செட்டுக்காரர் அந்தத் துண்டையே பார்த்தார். துண்டைச் சுருட்டி இடுப்புக்கு வைத்தால்தான் தமக்கு உட்கார முடியும் என்பதை அவர் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு எப்படிங்க...?"

அலுவலர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான் செவ்வாய், வியாழன் மழைக்காலம்" என்றார்.

காதில் விழுந்தது மண்டைக்குள் போக நேரம் பிடித்தது. பல்செட்டுக்காரர் துண்டின் மேல் சாயாமல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப மத்த நாளெல்லாம்?"

"திங்கள், புதன் வேறொருத்தர். வெள்ளிக்கிழமைக்குப் புதுசா ஒரு ஆளு போட்டிருக்கோம், ரொம்பக் கெட்டிக்காரி. சனி, ஞாயிறு பயிற்சியில இருக்கிறவங்க. அதான் ஞாயித்துக்கிழமை கொஞ்சம் எழுத்துப்பிழை வரும். மூக்குக்கண்ணாடியை மாத்துங்கன்னு ஒரு தடவை எழுதினீங்களே, பாவம், அந்தப் பயிற்சிக்காரர் சாப்பிடவே இல்ல."

"எங்கம்மா போனப்ப ராத்திரி முழுக்கக் கூடவே பேசிக்கிட்டு இருந்தது?"

"அது திங்கக்கிழமைக்காரர். தங்கமான மனுஷன். அன்னிக்கு அவர் பார்த்த கூடுதல் வேலையைக் கணக்குப் பிரிவில ஒத்துக்கல. உங்க துக்கம் அவ்வளவு நேரத்துக்கு வராதுன்னுட்டாங்க. மனசு ஒடிஞ்சு போய் ஓய்வு வாங்கிட்டார்."

பல்செட்டுக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமா துக்கமா என்று அவருக்கே விளங்கவில்லை. அந்த இரவில் எழுதியதை இத்தனை நாளும் அழிக்காமல் வைத்திருந்தார். மனசு கனத்தால் எடுத்துப் படிப்பார். அதில் பாதி இந்தக் கட்டடத்தில் யாரோ சம்பளத்துக்கு எழுதியது என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஆனால் வந்த காரியம் வேறு. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அம்மா, எங்க மச்சான் ரொம்ப நல்ல பையன். விளையாட்டா ஏதோ பேசிட்டான். அவன் வேலையைத் திருப்பிக் கொடுத்துடுங்க. யாரோ வேணும்னே போட்டுக் கொடுத்திருக்காங்க. அது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தகவல் கொடுத்தவங்க பேரைத் தலையே போனாலும் நாங்க வெளியில சொல்ல மாட்டோம். குடிமக்களோட ரகசியம் எங்களுக்கு உசுரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார்.

"எனக்கா?"

"நீங்கதானே சொன்னீங்க."

அப்போதுதான் சில மாதங்களுக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை அவருக்கு நினைவுக்கு வந்தது. மச்சான் பேசிக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. படுக்கையில் குப்புறக் கிடந்தபடி, "இன்னிக்குச் சிரிச்சதுல முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று எழுதியது. "ஐயோ, ஏன் சிரிச்சீங்க?" என்று மழைக்காலம் கேட்டது. ஒரு வரி விடாமல், கரண்டியைக்கூட விடாமல், ரசித்து ரசித்து எழுதியது.

"நாங்க வற்புறுத்தவே இல்ல. ஏன் சிரிச்சீங்கன்னு மட்டும்தான் கேட்டேன்" என்றார் அலுவலர் பெருமையோடு. "நீங்களா மனசு விட்டுச் சொன்னீங்க. மத்தவங்க எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்களைத்தான் சொல்லுவாங்க. சொந்த வீட்டைப் பத்தி இவ்வளவு சுத்தமா, கோவமே இல்லாம, பாசத்தோட ஒருத்தர் தகவல் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதான் இந்த வருஷத்தோட சிறந்த தன்னார்வத் தகவலாளர் விருது உங்களுக்கு."

"நான் தகவல் கொடுக்கலைங்க! நண்பர்னு நெனச்சுப் பேசினேன்!"

"நண்பர்தான். நண்பர் இல்லைன்னா சொல்லியிருப்பீங்களா?"

பல்செட்டுக்காரர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு விருது வேண்டாம். அவனுக்கு வேலையைக் கொடுங்க. அது போதும்."

"வேலையைத் திருப்பிக் கொடுத்தா தகவல் தப்புன்னு ஆயிடும். தகவல் தப்புன்னா நீங்க பொய்த்தகவல் கொடுத்தவர். அதுக்குச் சிறை. அது நடக்க நான் விட மாட்டேன். உங்க முதுகுக்கு அந்தத் தரை ஒத்துக்காது."

"சரி, என் வீட்டுக்காவது தெரிய வேண்டாம்."

"வண்டி அனுப்பியாச்சே" என்றார் அலுவலர். "விருதுன்னா குடும்பம் இல்லாமலா? பயந்துடப் போறாங்கன்னு, தம்பி வேலை விஷயமான்னு சொல்லிக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கோம்."

விழா மண்டபத்தில் முன்வரிசையில் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மச்சான் பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்துப் போட்டிருந்தான். அவனுடைய படிப்புச் சான்றிதழ்களை அவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மேடையில் கணவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மனிதர் பேசி முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் நினைப்பது பல்செட்டுக்காரருக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் பட்டு மெத்தை விரித்த பீடத்தில் செல்பேசி வீற்றிருந்தது.

தலைமை அக்கறையாளர் எழுந்தார். ஒரு கையால் வாயை லேசாக மறைத்தபடியேதான் அவர் பேசுவார். அது அடக்கத்தின் அடையாளம் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. மேல்செட்டு தளர்ந்துவிட்டது, பிடிப்புக்கு இன்னொரு பூச்சுப் போட வேண்டும் என்று பல்செட்டுக்காரருக்குத் தெரிந்தது.

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்குப் பயம் எதற்கு?" என்று ஆரம்பித்தார் தலைமை அக்கறையாளர். "வீட்டுக்குக் கதவு கூடாது என்று நாங்கள் சொன்னோமா? கதவு இருக்கட்டும். பூட்டும் இருக்கட்டும். சாவி மட்டும் எங்களிடம் இருக்கட்டும், தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வோம். தூங்குகிற குழந்தையைத் தாய் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் உளவா? குழந்தை தூக்கத்தில் ஏதாவது உளறினால் தாய் குறித்து வைத்துக்கொள்ள மாட்டாளா? குறித்து வைத்ததை உரிய இடத்தில் ஒப்படைக்க மாட்டாளா? நான் திறந்த மனிதன். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது. என் புன்னகையைப் பாருங்கள், தெரியும்." கையை ஒரு நொடி விலக்கிப் புன்னகைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மண்டபம் கைதட்டியது.

அடுத்து முதுநிலை அலுவலர் பாராட்டுரை வாசித்தார். நா தழுதழுக்க, ஒன்றையும் விடாமல் வாசித்தார். சாப்பாட்டு மேஜை, கரண்டி, கட்டில், கைக்குட்டை, கடைசியில் பிடித்துக்கொண்ட முதுகு. மச்சான் பேசிக் காட்டிய வரி வந்தபோது மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே இரண்டு பேர் அந்த இடத்துக்குப் போனார்கள். பல்செட்டுக்காரர் மனைவியை மட்டும்தான் பார்த்தார். மலர்ந்த முகம் உடனே மாறவில்லை. கேட்டது புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் சான்றிதழ்களைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள். அதற்கப்புறம் அவள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. செல்பேசிக்குப் பதக்கம் அணிவித்தார்கள்.

"விருது பெற்றவர் மேடையிலேயே ஒரு புதிய தகவல் தருவது நம் துறையின் மரபு" என்று அறிவிப்பாளர் சொன்னதும் மண்டபம் முழுவதும் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

பல்செட்டுக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையைப் பார்த்து, "என் மச்சானைப் பத்திச் சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல. அந்த நர்ஸம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தெரியாமப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

"அது பழைய தகவல்" என்றார் அறிவிப்பாளர் பொறுமையாக. "ஏற்கெனவே பதிவாகிவிட்டது. புதிதாக ஒன்று சொல்லுங்கள்."

வேறு என்ன இருக்கிறது என்று பல்செட்டுக்காரர் திகைத்துப் போய்ச் சுற்றிலும் பார்த்தார். பார்வை தலைமை அக்கறையாளர் மேல் போய் விழுந்து அங்கேயே நின்றது. அவர் வாய்மேல் இருந்த கை விறைத்தது. அந்த மண்டபத்திலேயே அதிகமாகப் பயந்துபோன ஆள் அந்த நிமிடத்தில் அவர்தான். பச்சை நூல், இரட்டை முடிச்சு. ஒரே ஒரு வாக்கியம் போதும். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. பல்செட்டுக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. நம்பி வாயைத் திறந்து காட்டிய ஒருவரைக்கூட அவர் இந்தத் தொழிலில் காட்டிக்கொடுத்ததில்லை. ஊரார் வாய்க்கெல்லாம் இப்படிக் காவல் இருந்துவிட்டு, வீட்டு வாயை மட்டும் முகம் தெரியாத ஆளிடம் திறந்து கொடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்குத் தம் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

தலைமை அக்கறையாளர் துள்ளி எழுந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "மரபை இன்று தளர்த்துகிறேன். எல்லாவற்றையும் மேடையில் சொல்லிவிட முடியுமா? மனிதன் என்றால் அந்தரங்கம் என்று ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும்" என்றார். அந்தரங்கம் என்ற சொல் அந்தக் கட்டடத்தில் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது. கைதட்டுவதா, மன்னிப்புக் கேட்கச் சொல்வதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னவர் தலைமை அக்கறையாளர் என்பதால் கைதட்டினார்கள்.

துறையின் வண்டியிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். தெரு திரும்பும்போது மனைவி வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"ஆணி அடிச்சப்ப நாற்காலியை நான் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் பதிலுக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

வீட்டுக்குள் போனதும் அவள் சேலையைக்கூட மாற்றாமல் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். பிடித்துக்கொள்ள வந்தவரைக் கையால் தள்ளி நிற்கச் சொன்னாள். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். ஜன்னல் திறந்தது. எதிரே நர்ஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றாள் மனைவி. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள்.

மச்சான் முன்னறையில் நின்றான். அவனும் போகத்தான் கிளம்பினான். வாசலில் திரும்பி, "அத்தான், அன்னிக்கு முதுகு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டான். கிண்டலே இல்லை, உண்மையாகத்தான் கேட்டான். அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடப் பல்செட்டுக்காரர் தாங்கியிருப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பல்செட்டுக்காரர் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பேச்சுக்குரல் கேட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் மச்சான் யாரையோ போலப் பேசிக் காட்டுகிற குரல் கேட்டது, பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இன்னும் நன்றாகக் கேட்கலாமே என்று ஜன்னலை நெருங்கினார். சிரிப்பு பட்டென்று நின்றது. நர்ஸ் வீட்டு ஜன்னலை உள்ளேயிருந்து ஒரு கை இழுத்துச் சாத்தியது. வளையலைப் பார்த்தார். மனைவியின் கைதான்.

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாங்க என்று கூப்பிட அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. மேஜை மேல் பதக்கத்தோடு கிடந்த செல்பேசி உறுமியது.

"சாப்டாச்சா?" என்றிருந்தது.

அவருக்கு முதலில் அதைத் தூக்கி எறியத்தான் தோன்றியது. கையில் எடுத்தும்விட்டார். வெள்ளிக்கிழமை, புதுசாகப் போட்ட ஆள், ரொம்பக் கெட்டிக்காரி. எல்லாம் தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தார். அன்று காலையிலிருந்து அவரை யாரும் அதைக் கேட்கவில்லை. சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்லை" என்று எழுதினார்.

"அச்சச்சோ, ஏன்?" என்று உடனே வந்தது.

பல்செட்டுக்காரர் சாத்தியிருந்த ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏன் என்று சொல்ல ஆரம்பித்தார்.